மெயில் பெட்டியை எஸ்க்யூஎல்லில் கேட்கும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்க

ஜாவாஸ்கிரிப்ட் செயலியிலிருந்து மெயில் சர்வரை எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தைக் கேட்கும் மொழி) கொண்டு கேட்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. நாம் எழுதும் க்வெரியை (எஸ்க்யூஎல் கேள்வியை) அந்தக் கணமே ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் நெறிமுறை) கட்டளைகளாக மாற்றி அனுப்பும் டிரைவர் அல்லது இடைவாயில் ஒன்று. மெயில் விவரங்களை எஸ்க்யூலைட்டிலோ போஸ்ட்கிரெஸ்ஸிலோ நகலெடுத்து வைத்துக்கொண்டு, க்வெரியை அங்கே ஓட்டுவது மற்றொன்று. எந்த வழியானாலும் கடைசியில் பேசுவது ஐமேப் சர்வரிடம்தான். அதற்கு டேபிள் தெரியாது, ஜாயின் தெரியாது. சர்ச், ஃபெட்ச் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில கட்டளைகள்தான் தெரியும். சர்வரால் முடியாததை எல்லாம் நம் பக்கம் இறக்கித்தான் வடிகட்ட வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

ஆகவே எதைத் தொடுவதற்கு முன்பும் கம்பியில் என்ன போகிறது என்று காட்டும் லாகைத் திறந்து வையுங்கள். ஐமேப்ஃப்ளோவில் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்டுக்கான ஐமேப் நூலகம்) லாகர் அமைப்பை அணைத்து வைத்திருந்தால் மீண்டும் இயக்குங்கள். வணிக டிரைவர் என்றால் லாக் அளவை ஐமேப் உரையாடல் தெரியும் மட்டத்துக்கு உயர்த்துங்கள். அந்த லாகில் கடவுச்சொல்லும் டோக்கனும் அப்படியே பதிவாகக்கூடும். யாருக்காவது அனுப்பும் முன் அழித்துவிடுங்கள்.

இணைப்பே கிடைக்கவில்லை

முதலில் ஜாவாஸ்கிரிப்டை விலக்கிவிட்டுப் பாருங்கள். முனையத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் எஸ்-கிளையன்ட் கட்டளையால் சர்வரின் 993-ஆம் போர்ட்டுக்கு இணையுங்கள். நட்சத்திரக் குறியும் ஓகேயும் கொண்ட வரவேற்பு வரி வந்தால் வலைப்பின்னலிலும் சான்றிதழிலும் பெரிய சிக்கல் இல்லை. அடுத்து "ஏ1 கேப்பபிலிட்டி" என்று அடித்தால் சர்வருக்கு என்னென்ன தெரியும் என்ற பட்டியல் வரும். அதைச் சேமித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். கட்டளைக்கு முன் இடும் அடையாளத்தை ஆங்கிலப் பெரிய எழுத்து ஆர் அல்லது க்யூவில் தொடங்காதீர்கள். எஸ்-கிளையன்ட் அவற்றைத் தனக்கான கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும்.

"ராங் வெர்ஷன் நம்பர்" என்று டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) பிழை வந்தால், 143-ஆம் போர்ட்டில் நேரடி டிஎல்எஸ் தொடங்க முயல்கிறீர்கள் என்று பொருள். 143 சாதாரண உரையில் தொடங்கி, ஸ்டார்ட்-டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகே குறியாக்கத்துக்கு மாறும். 993 முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ். இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது 993-இல் செக்யூர் அமைப்பைப் பொய் என்று வைத்தால், பிழைச் செய்தியே வராது. சர்வர் டிஎல்எஸ் வணக்கத்துக்குக் காத்திருக்கும், உங்கள் நிரல் வரவேற்பு வரிக்குக் காத்திருக்கும். சிறிது நேரம் கழித்து வரவேற்பு வரவில்லை என்ற காலாவதிப் பிழைதான் கிடைக்கும்.

சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று நோட் சொல்ல, அதே சர்வர் மெயில் செயலிகளில் சிக்கலின்றி வேலை செய்தால், சர்வர் இடைநிலைச் சான்றிதழை அனுப்பாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். சரியான தீர்வு சர்வர் பக்கம் முழுச் சங்கிலியையும் வைப்பது. அது உங்கள் கையில் இல்லையென்றால், விடுபட்ட சான்றிதழை ஒரு கோப்பில் சேமித்து, நோட்டின் கூடுதல் சிஏ சான்றிதழ்களுக்கான சூழல் மாறியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். சரிபார்ப்பையே அணைக்கும் ஒற்றை வரி இணையத்தில் எங்கு தேடினாலும் முதலில் கிடைக்கும். அதைப் போட்டால் நடுவில் உட்கார்ந்திருக்கும் எவரிடமும் கடவுச்சொல்லை ஒப்படைப்பதாகும்.

உலாவியில் ஓடும் நிரலிலிருந்து ஐமேப்பை நேரடியாகத் தொட முடியாது. அங்கே டிசிபி சாக்கெட் திறக்க வழியில்லை. தொகுப்புக் கருவி "நெட் மாட்யூல் இல்லை" என்று புலம்பினால், மெயில் வேலையை நோட் பக்கம் நகர்த்தி, நடுவில் ஓர் ஏபிஐ வையுங்கள்.

கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளே விடவில்லை

ஜிமெயில் தனிக்கணக்குகளில் 2022 மே மாதத்துடன் சாதாரணக் கடவுச்சொல் உள்நுழைவு முடிந்துவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஓஆத் (கடவுச்சொல்லுக்குப் பதில் டோக்கன் கொடுத்து உள்நுழையும் முறை). மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் 2022 அக்டோபர் முதல் ஐமேப்புக்கான அடிப்படை உள்நுழைவை மூடத் தொடங்கியது. அங்கே செயலிக் கடவுச்சொல்லும் பயன்படாது, ஓஆத் மட்டும்தான்.

ஓஆத்தில் அடிக்கடி தடுக்குவது டோக்கன் யாருக்காக வாங்கப்பட்டது என்பதில். மைக்ரோசாஃப்டின் கிராஃப் ஏபிஐக்கென வாங்கிய டோக்கன் ஐமேப்பில் செல்லாது. அவுட்லுக் முகவரியில் தொடங்கும் ஐமேப் அணுகல் அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். புதுப்பிப்பு டோக்கன் வேண்டுமானால் ஆஃப்லைன் அனுமதியும் சேர வேண்டும். பயனர் தலையீடில்லாமல் செயலியே உள்நுழையும் முறையில் இன்னொரு படி உண்டு: செயலியின் சர்வீஸ் பிரின்சிபலை (செயலிக்கான தனி அடையாளத்தை) எக்ஸ்சேஞ்சில் பதிந்து, அந்தப் பெட்டிக்கு அனுமதி தர வேண்டும். இதை விட்டவர்களுக்கு டோக்கன் ஒழுங்காகக் கிடைக்கும், உள்நுழைவு மட்டும் தோற்கும்.

நேரத்தைக் கவனித்தாலும் துப்பு கிடைக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடிய பின் மறுஇணைப்பில் தோற்றால், பழைய அணுகல் டோக்கனையே திரும்பக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் முன் காலாவதியைப் பார்த்துப் புதுப்பியுங்கள். கூகுளில் சரியாக 7 நாளில் தோற்றால், திட்டம் இன்னும் சோதனை நிலையில் இருக்கிறது. அந்நிலையில் தரப்படும் புதுப்பிப்பு டோக்கனின் ஆயுள் அவ்வளவே.

ஐமேப்பில் டோக்கனைக் கொடுக்கும் எக்ஸ்ஓஆத்2 முறையைச் சொந்தமாக எழுதியவர்களுக்கு ஒன்று. தோல்வி என்றால் சர்வர் உடனே "நோ" சொல்லாது. கூட்டல் குறியுடன் பேஸ்64-இல் (பைட்டுகளை எழுத்துகளாக்கும் குறிமுறை) ஒரு பிழை விவரத்தை அனுப்பிவிட்டு, நீங்கள் ஒரு வெற்று வரி அனுப்பும் வரை காத்திருக்கும். அதை அனுப்பாத நிரல் தொங்கி நிற்கும். அந்த பேஸ்64-ஐப் பிரித்துப் பார்த்தால் நிலைக்குறி தெரியும்.

சில சமயம் உள்நுழைகிறது, சில சமயம் இல்லை என்றால் இணைப்பு எண்ணிக்கையை எண்ணுங்கள். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகள்தான் தரும். டவ்காட் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் ஒரே பயனர், ஒரே ஐபி முகவரிக்கு இயல்பான வரம்பு 10. ஒவ்வொரு ஹெச்டிடிபி கோரிக்கைக்கும் புது இணைப்பு திறந்து லாக்அவுட் செய்யாமல் விடும் செயலி இதில் சீக்கிரமே முட்டும். கைப்பேசியில் திறந்திருக்கும் மெயில் செயலியும் இதே கணக்கில்தான் சேர்கிறது என்பதை மறக்காதீர்கள்.

இணைந்துவிட்டது, க்வெரியில் தொடரியல் பிழை

மெயிலின் இயல்பான நெடுவரிசைப் பெயர்கள் ஃப்ரம், டு, டேட். இவற்றில் ஃப்ரம், டு இரண்டும் எஸ்க்யூஎல் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள். மேற்கோளுக்குள் வைக்காமல் எழுதினால் பார்சர் குழம்பும். மைஎஸ்க்யூஎல் மொழியில் பேக்டிக், போஸ்ட்கிரெஸ்ஸில் இரட்டை மேற்கோள், எஸ்க்யூஎல் சர்வரில் சதுர அடைப்பு. போஸ்ட்கிரெஸ் மேற்கோளில்லாத பெயர்களைச் சிற்றெழுத்துக்கு மாற்றிவிடும் என்பதால், பேரெழுத்தில் தொடங்கும் நெடுவரிசை "இல்லவே இல்லை" என்றும் சொல்லும். நகல் டேபிளை நீங்களே வடிவமைக்கிறீர்கள் என்றால் அனுப்புநர்_முகவரி, வந்த_நேரம் என்ற பொருளில் வேறு பெயர்களை வைத்துவிடுங்கள், தொல்லை விட்டது.

மைஎஸ்க்யூஎல் போல நடிக்கும் இடைவாயிலோடு இணையும்போது "உள்நுழைவு நெறிமுறையை கிளையன்ட் ஆதரிக்கவில்லை" என்று வந்தால், பழைய மைஎஸ்க்யூஎல் பொதியை விட்டு மைஎஸ்க்யூஎல்2 பொதிக்கு மாறுங்கள். அதன் எக்ஸிக்யூட் முறை சர்வர் பக்கம் ப்ரிப்பேர் செய்யச் சொல்லும். க்வெரி முறை உரையாகவே அனுப்பும். எக்ஸிக்யூட் தோற்று க்வெரி வேலை செய்தால், இடைவாயில் ப்ரிப்பேர் வசதியை முழுமையாகத் தரவில்லை என்று முடிவு கட்டலாம். க்வெரி முறையிலும் மதிப்புகளைக் கேள்விக்குறி வழியாகவே கொடுங்கள். சரங்களை ஒட்டி க்வெரி கட்டாதீர்கள்.

க்வெரி ஓடுகிறது, ஒரு வரியும் வரவில்லை

அனுப்புநர் முகவரியைச் சமக்குறி போட்டுத் தேடினீர்களா? அந்த நெடுவரிசையில் பெரும்பாலும் பெயரும் கோண அடைப்புக்குள் முகவரியும் சேர்ந்தே இருக்கும். லைக் போடுங்கள். நகல் டேபிள் என்றால் பெயரையும் முகவரியையும் பிரித்தே சேமியுங்கள். பெறுநர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் முகவரிகளுக்குத் தனி டேபிள்தான் முறை.

கோப்புறைப் பெயரை அடுத்துப் பாருங்கள். இன்பாக்ஸ் ஒன்றுக்கு மட்டும்தான் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் கிடையாது. பிரிப்பான் ஒரு சர்வரில் சாய்கோடு, மற்றொன்றில் புள்ளி; ஊகிக்காமல் லிஸ்ட் கட்டளையின் பதிலிலிருந்து எடுங்கள். பழைய ஐமேப்பில் ஆங்கிலமல்லாத கோப்புறைப் பெயர்கள் திருத்திய யூடிஎஃப்-7 வடிவில் வரும். அம்பர்சாண்ட் குறியில் தொடங்கிச் சிறுகோட்டில் முடியும் புரியாத பெயர் ஒன்றைக் கண்டால், உங்கள் தமிழ்க் கோப்புறை அதுவாக இருக்கலாம். ஜிமெயிலில் ஒரு லேபிள் அடியோடு தென்படவில்லை என்றால், அமைப்புகளில் அந்த லேபிளுக்கு "ஐமேப்பில் காட்டு" குறி நீக்கப்பட்டிருக்கும். வரிகளின் எண்ணிக்கை துல்லியமாக 1000 அல்லது 5000 என்று நின்றாலும் அதே அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். கோப்புறையில் இத்தனை மெயில்தான் காட்டு என்ற வரம்பு அங்கே இருக்கிறது.

லைக் தேடலில் வழக்கமான தடுமாற்றம் ஒன்று உண்டு. ஐமேப் விதிப்படி சர்ச் கட்டளை, சொல்லின் நடுத்துண்டு பொருந்தினாலும் ஏற்க வேண்டும். ஜிமெயில் சொல் அடிப்படையில் தேடுகிறது. நடுத்துண்டைக் கொடுத்தால் வெறுங்கை. இதைச் சர்வரில் தீர்க்க முடியாது; தேதியால் குறுக்கி, மெயில் தலைப்புகளை (ஹெட்டர்) இறக்கி, நம் பக்கம் வடிகட்டுங்கள்.

தமிழில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் இரண்டைச் சோதியுங்கள். லாகில் சர்ச் கட்டளையோடு சார்செட் யூடிஎஃப்-8 என்ற குறிப்புப் போகிறதா? சர்வர் "பேட்சார்செட்" என்று மறுக்கிறதா? இரண்டும் சரியென்றால் யூனிகோட் வடிவம்தான் மிச்சம். "கொ" என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டில் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செயற்கூறால் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தேதி ஒரு நாள் தள்ளிப் போகிறது

ஒரு மெயிலுக்கு இரண்டு தேதிகள். அனுப்புநர் தலைப்பில் எழுதிய தேதி ஒன்று. அது தவறாகவோ பொய்யாகவோகூட இருக்கலாம். பெட்டிக்கு வந்து சேர்ந்த இன்டர்னல்டேட் மற்றொன்று. சின்ஸ், பிஃபோர், ஆன் மூன்றும் இன்டர்னல்டேட்டைப் பார்க்கும். முன்னால் சென்ட் சேர்ந்த மூன்றும் தலைப்புத் தேதியைப் பார்க்கும். உங்கள் டிரைவரின் டேட் நெடுவரிசை எதைக் காட்டுகிறது, நிபந்தனையில் எதை அனுப்புகிறது என்று லாகில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாத டிரைவர்களும் உண்டு. பெட்டி இடம்பெயர்க்கப்பட்டபோது தேதி கொடுக்காமல் அப்பெண்ட் (பெட்டியில் மெயிலைச் சேர்க்கும் கட்டளை) செய்திருந்தால், எல்லா மெயிலுக்கும் இடம்பெயர்த்த நாளே இன்டர்னல்டேட்டாக இருக்கும்.

அந்த ஆறு கட்டளைகளுக்கும் நேரமும் தெரியாது, நேர மண்டலமும் தெரியாது, நாள் மட்டும்தான். சின்ஸ் கொடுத்த நாளையும் சேர்க்கும், பிஃபோர் கொடுத்த நாளை விட்டுவிடும். "காலை 10.30-க்குப் பின்" என்ற நிபந்தனையில் 10.30-ஐ யாராவது நம் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். பாதுகாப்பான வழி: சர்வரிடம் இரு பக்கமும் ஒரு நாள் கூடுதலாகக் கேளுங்கள், பிறகு துல்லியமாக வடிகட்டுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டும் தன் பங்குக்குக் குழப்பும். '2025-03-01' என்ற சரத்தை டேட்டாக மாற்றினால் யூடிசி நள்ளிரவு. அதோடு நேரத்தையும் சேர்த்து, மண்டலத்தைக் குறிக்காமல் எழுதினால் உள்ளூர் நேரம். போஸ்ட்கிரெஸ்ஸில் மண்டலமில்லாத டைம்ஸ்டாம்ப் வகையை பிஜி பொதி (போஸ்ட்கிரெஸ்ஸுக்கான நோட் நூலகம்) உள்ளூர் நேரமாகவே படிக்கும், ஆகவே மண்டலத்துடன் கூடிய வகையையே வையுங்கள். மார்ச் 1-க்கும் 31-க்கும் இடையில் என்று பிட்வீன் எழுதினால் 31-ஆம் தேதி பகல் முழுவதும் விடுபடும். ஏப்ரல் 1-க்குக் கீழ் என்று எழுதுங்கள்.

பத்து வரி கேட்டால் பல நிமிடம் ஆகிறது

ஒரு க்வெரியை எடுத்துக்கொள்வோம். இன்பாக்ஸில், அனுப்புநரில் "பில்லிங்" என்று உள்ள, 5 மெகாபைட்டுக்கு மேற்பட்ட மெயில்களில், தேதி வாரியாகக் கடைசிப் பத்து. லாகில் நல்லபடியாகப் போனால் இப்படித் தெரிய வேண்டும்:

ஏ7 யூஐடி சர்ச் ஃப்ரம் "பில்லிங்" லார்ஜர் 5242880

இரண்டு நிபந்தனைகளையும் சர்வரே பார்த்துவிடுகிறது, சில யூஐடிகள் (மெயில்களின் மாறாத அடையாள எண்கள்) மட்டும் திரும்புகின்றன. அதற்குப் பதிலாக "யூஐடி சர்ச் ஆல்" என்றும், அடுத்து 1-இலிருந்து நட்சத்திரம் வரை ஃபெட்ச் என்றும் தெரிந்தால், முழுப் பெட்டியும் உங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் அப்படி ஆகிறது?

நெடுவரிசையைச் செயற்கூறுக்குள் வைத்திருந்தால் ஆகும். அனுப்புநரை லோயர் செயற்கூறால் சுற்றினால் பல டிரைவர்கள் அந்த நிபந்தனையைச் சர்வருக்குத் தள்ளாது. சுற்றத் தேவையும் இல்லை. ஐமேப் தேடலில் எழுத்துப் பேதம் ஏற்கெனவே கிடையாது. அடுத்த குற்றவாளி, 'அல்லது' என்று பொருள்படும் ஆர். சர்வருக்குத் தெரிந்த நிபந்தனையையும் தெரியாத நிபந்தனையையும் ஆரால் இணைத்தால், தெரிந்ததையும் அனுப்ப முடியாமல் போகும். அனுப்பினால் விடை தவறிவிடும் என்பதால் டிரைவரைக் குறை சொல்ல முடியாது. க்வெரியை இரண்டாகப் பிரித்து யூனியன் போடுங்கள். ஒரு பாதியாவது வேகமாக முடியும். இணைப்புக் கோப்பு உண்டா என்ற நிபந்தனையும் சாதாரண சர்ச்சில் கிடையாது. அதற்கு ஒவ்வொரு மெயிலின் பாடிஸ்ட்ரக்சரையும் (பகுதிகளின் அமைப்புப் பட்டியல்) வாங்கியாக வேண்டும். ஜிமெயிலில் மட்டும் எக்ஸ்-ஜிஎம்-ரா நீட்சி வழியாக ஜிமெயிலின் சொந்தத் தேடல் மொழியிலேயே கேட்கலாம்.

ஆர்டர் பை, லிமிட் இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். வரிசைப்படுத்தும் சார்ட் என்பது ஐமேப்பின் நீட்சிதான், எல்லா சர்வரிலும் இருக்காது. டவ்காட்டில் உண்டு, ஜிமெயிலில் இல்லை. முதலில் சேமித்து வைத்த கேப்பபிலிட்டி பட்டியலில் சார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பத்து வரிக்காக முழுத் தலைப்புகளும் இறங்கித்தான் வரிசைப்படும். லிமிட் போட்டதால் வேலை குறைந்தது என்று எண்ணுவது வீண் நம்பிக்கை. யூஐடி வந்து சேர்ந்த வரிசையில் ஏறிக்கொண்டே போகும் என்பதைப் பயன்படுத்துங்கள். அடுத்து வரவிருக்கும் யூஐடியிலிருந்து சில நூறு பின்னால் போய், அந்த வீச்சை மட்டும் கேளுங்கள், போதாவிட்டால் இன்னும் பின்னால் போங்கள்.

எல்லா நெடுவரிசைகளையும் நட்சத்திரம் போட்டுக் கேட்கும் பழக்கத்தையும் விடுங்கள். தலைப்பும் தேதியும் போதும் என்றால் என்வெலப் (அனுப்புநர், தலைப்பு, தேதி அடங்கிய சுருக்கம்) ஒன்றே போதும், சில நூறு பைட்டுகள். உடலையும் கேட்டால் இணைப்புக் கோப்புகளோடு முழு மெயிலும் வரும், அதுவும் பேஸ்64 வடிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்து. ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2500 மெகாபைட் வரைதான் இறக்க விடும். அதைத் தாண்டினால் கணக்கு சிறிது நேரம் முடக்கப்படும்.

படிக்காத மெயில் எத்தனை என்று மட்டும் வேண்டுமானால் கவுன்ட் க்வெரியே வேண்டாம். ஸ்டேட்டஸ் கட்டளை ஒரே வரியில் சொல்லிவிடும். ஒரே பெட்டியில் திரும்பத் திரும்ப அறிக்கை எடுக்கும் செயலிக்கு நேரடி வழி பொருந்தாது. நகலெடுத்து இண்டெக்ஸ் போட்டுக் கேட்பதே சரி.

க்வெரி பாதியில் உறைந்து நிற்கிறது

ஐமேப்ஃப்ளோவில் ஃபெட்ச் லூப்புக்குள்ளேயே வேறு ஐமேப் கட்டளையை, உதாரணமாகக் கொடி (படித்தது, நீக்கியது போன்ற குறி) மாற்றுவதையோ டவுன்லோடையோ, அவெய்ட் போட்டு அழைத்தால் நிரல் அங்கேயே நிற்கும். ஃபெட்ச் முடியாமல் அடுத்த கட்டளை போகாது, அடுத்த கட்டளை முடியாமல் லூப் நகராது. யூஐடிகளை ஓர் அரேயில் சேர்த்து, லூப்பை விட்டு வெளியே வந்த பின் அந்த வேலையைச் செய்யுங்கள். தரவுத்தளத்தில் எழுதுவதை லூப்புக்குள் வைக்கலாம், அது வேறு இணைப்பு.

முதல் கோரிக்கை நன்றாக ஓடி, இரண்டாவது உறைந்தால் மெயில்பாக்ஸ் பூட்டைத் திறக்க மறந்திருக்கிறது. இடையில் பிழை வீசப்பட்டாலும் ரிலீஸ் ஓடும்படி அதை ஃபைனலி பகுதியில் வையுங்கள்.

கேட்டது ஒரு மெயில், வந்தது வேறு. அல்லது ஒரே மெயில் திரும்பத் திரும்ப வருகிறது

ஐமேப்பில் இரண்டு எண்கள் உண்டு. வரிசை எண் பெட்டியில் மெயில் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. நடுவில் ஒன்றை நீக்கினால் பின்னுள்ளவை எல்லாம் ஒன்று இறங்கும். யூஐடி நகராது. ஐமேப்ஃப்ளோவின் சர்ச்சும் ஃபெட்ச்சும் சொல்லாவிட்டால் வரிசை எண்ணையே பயன்படுத்தும். யூஐடி வேண்டும் என்ற தேர்வை இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்து மற்றொன்றில் விட்டால் தவறான மெயில் சத்தமில்லாமல் வரும். சோதனைப் பெட்டியில் எதையும் நீக்கியிருக்க மாட்டீர்கள் என்பதால் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்து, பிழை மறைந்திருக்கும்.

புதிய மெயில் எதுவும் வராதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் கடைசி மெயில் மீண்டும் செருகப்பட்டு "யூனிக் விதி மீறல்" வருகிறதா? கடைசியாகப் பார்த்த யூஐடி 4500 என்று 4501-இலிருந்து நட்சத்திரம் வரை கேட்கிறீர்கள். நட்சத்திரம் என்றால் பெட்டியில் உள்ள மிகப் பெரிய எண், அதாவது 4500. வீச்சு 4501:4500 ஆகிறது. ஐமேப் முன்பின் பார்க்காமல் இரண்டு முனைக்கும் உட்பட்டதைத் தரும், ஆகவே 4500 திரும்ப வரும். சர்வர் பிழையல்ல, விதியே அப்படி. பெற்ற யூஐடி கடைசியை விடப் பெரியதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

நகல் டேபிளின் முதன்மைத் திறவுகோல் கோப்புறை, யூஐடி-வேலிடிட்டி (கோப்புறையின் யூஐடிகள் இன்னும் செல்லுமா என்று காட்டும் எண்), யூஐடி மூன்றும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். யூஐடி-வேலிடிட்டி மாறிவிட்டால் பழைய யூஐடிகளுக்கு மதிப்பில்லை. அந்தக் கோப்புறையின் வரிகளை நீக்கி முதலிலிருந்து இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஜிமெயிலில் இரண்டு லேபிள் உள்ள மெயில் இரண்டு கோப்புறைகளில் வெவ்வேறு யூஐடியுடன் தெரியும், மொத்த எண்ணிக்கை ஊதிப்போகும். ஜிமெயில் ஒவ்வொரு மெயிலுக்கும் தரும் எக்ஸ்-ஜிஎம்-எம்எஸ்ஜிஐடியை வைத்து ஒன்றாக்குங்கள். அது 64 பிட் எண் என்பதால் உரையாகச் சேமியுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991-க்கு மேல் துல்லியம் இழக்கும்.

செலக்ட் க்வெரி ஓட்டியதும் மெயில்கள் படித்தவையாக மாறிவிடுகின்றன

உடலைச் சாதாரண பாடி கட்டளையால் வாங்கினால் சர்வர் தானாகவே \சீன் கொடியை ஏற்றும். பாடி.பீக் ஏற்றாது. லாகில் பீக் இல்லை என்றால், பெட்டியை எக்ஸாமின் முறையில், அதாவது படிக்க மட்டும் என்று திறங்கள். அறிக்கை எடுக்கும் செயலி எதுவாயினும் இப்படித் திறப்பதே நல்லது.

தலைப்பு சிதைந்து வருகிறது, அல்லது தரவுத்தளம் ஏற்க மறுக்கிறது

தலைப்பில் =?யூடிஎஃப்-8?பி? என்று தொடங்கும் கொத்துகள் தெரிந்தால் குறிநீக்கம் நடக்கவில்லை. ஒவ்வொரு கொத்தும் 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் எழுத்துக் குறி ஒன்று யூடிஎஃப்-8-இல் 3 பைட் பிடிப்பதால், நீண்ட தமிழ்த் தலைப்பு பல கொத்துகளாக உடைந்தே வரும். சில அனுப்பும் மென்பொருள்கள் விதியை மீறி ஒரு குறியின் நடுவிலேயே உடைக்கின்றன. கொத்து கொத்தாகக் குறிநீக்கினால் இணைப்பில் கேள்விக்குறி வைரங்கள் தோன்றும். ஒரே குறிமுறையில் அடுத்தடுத்து வரும் கொத்துகளின் பைட்டுகளை முதலில் ஒட்டிவிட்டுக் கடைசியில் ஒரே முறை உரையாக்குங்கள்.

தமிழ் எல்லாம் சேர்ந்து, எமோஜி உள்ள தலைப்பு மட்டும் மைஎஸ்க்யூஎல்லில் "இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ" என்று தோற்றால், டேபிள் 3 பைட் யூடிஎஃப்-8-இல் இருக்கிறது. யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் 0எக்ஸ்00 என்று முறையிட்டால், பழைய மெயிலின் உடலில் பூஜ்ய பைட் ஒளிந்திருக்கிறது. டெக்ஸ்ட் வகை அதை ஏற்காது. செருகும் முன் நீக்குங்கள்.

"பிக்இன்ட்டை எப்படி சீரியலைஸ் செய்வது என்று தெரியவில்லை" என்று ஜேசான் சொன்னால், அது ஐமேப்ஃப்ளோ தரும் யூஐடி-வேலிடிட்டி அல்லது மாட்சீக் (மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்), உரையாக்கி அனுப்புங்கள். எஸ்க்யூலைட்டுக்கான பெட்டர்-எஸ்க்யூலைட்3 பொதி டேட் பொருளையும் உண்மை/பொய் மதிப்பையும் நேரடியாக ஏற்காது. ஐஎஸ்ஓ சரமாகவும் 0/1 ஆகவும் கொடுங்கள். பிஜி பொதியில் பிக்இன்ட் நெடுவரிசை சரமாக வரும், ஆகவே சமக்குறி மூன்று போட்டு எண்ணோடு ஒப்பிட்டால் எப்போதும் பொய்தான்.

நினைவகம் தீர்ந்துபோகிறது, கட்டளை நீளம் என்று மறுக்கிறது

முழு மூலத்தையும் அரேயில் குவித்தால் "ஹீப் அவுட் ஆஃப் மெமரி" வரும். ஹீப் அளவைக் கூட்டுவது நாளைக்குத் தள்ளிப்போடுவதுதான். 200 முதல் 500 யூஐடி வரையான தொகுதிகளாக வாங்கி, ஒவ்வொரு தொகுதியையும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதி, நினைவகத்திலிருந்து விட்டுவிடுங்கள்.

ஆயிரக்கணக்கான யூஐடிகளை இன் பட்டியலில் கொடுத்தால் சர்வர் "பேட்" என்று திருப்பும். தொடர்ச்சியான எண்களை 101:180 போல வீச்சாகச் சுருக்குங்கள். சர்வர்கள் 8000 பைட் வரையாவது ஏற்க வேண்டும் என்பது பரிந்துரை, அதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்க்யூலைட்டின் மாறி வரம்பு 3.32-க்கு முன் 999, பிறகு 32766.

டெலீட் க்வெரி தேவைக்கு மேல் நீக்கிவிட்டது

ஐமேப்பில் நீக்குவது இரண்டு படி: \டெலீட்டட் கொடி ஏற்றுவது, பிறகு எக்ஸ்பஞ்ச். வெறும் எக்ஸ்பஞ்ச், அந்தக் கோப்புறையில் அக்கொடி உள்ள எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். வேறொரு மெயில் செயலி கொடி ஏற்றி விட்டுவைத்தவையும் அதில் அடங்கும். சர்வரில் யூஐடி-பிளஸ் (குறிப்பிட்ட யூஐடிகளை மட்டும் நீக்க உதவும் நீட்சி) இருந்தால் யூஐடி எக்ஸ்பஞ்ச் போகிறதா என்று லாகில் உறுதிசெய்யுங்கள். டிரைவர் வெறும் எக்ஸ்பஞ்ச் அனுப்பினால், டெலீட்டுக்குப் பதில் குப்பைக் கோப்புறைக்கு மூவ் செய்யும் வழியைத் தேர்ந்தெடுங்கள். சோதிக்கும்போது, அதே நிபந்தனையை முதலில் செலக்ட்டில் ஓட்டி வரிகளை எண்ணிப் பாருங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த செயலி திடீரென விழுகிறது

இணைப்பு அறுந்ததும் நோட் செயல்முறையே செத்துப்போனால், கிளையன்ட் பொருளின் எரர் நிகழ்வுக்குக் கேட்பான் வைக்கவில்லை. கேட்பான் இல்லாத எரர் நிகழ்வு நோட்டில் பிடிபடாத பிழையாகிவிடும். விழாமல், புதிய மெயில் மட்டும் வருவது நின்றால் ஐடில் (புதிய மெயிலுக்காக இணைப்பில் காத்திருப்பது) நிலையைப் பாருங்கள். சர்வர் சும்மா இருக்கும் இணைப்பை 30 நிமிடத்தில் துண்டிக்கலாம் என்பதால், 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஐடிலை முடித்துத் திரும்பத் தொடங்க விதி சொல்கிறது. வீட்டு ரவுட்டர்களும் மேகக் கணினி வாயில்களும் அவ்வளவு பொறுக்காது. சில நிமிடங்களிலேயே சொல்லாமல் அறுத்துவிடும். 4 அல்லது 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மறுஇணைப்பை 1 நொடி, 2, 4 என்று இடைவெளி கூட்டிக்கொண்டே முயலுங்கள், உச்சவரம்பு ஒன்றும் வையுங்கள். இணைந்ததும் முதல் வேலையாக யூஐடி-வேலிடிட்டியைப் பழையதோடு ஒப்பிட்டு, கடைசி யூஐடிக்குப் பின் வந்தவற்றை வாங்குங்கள். சர்வரில் காண்ட்ஸ்டோர் (மாற்றங்களைக் கண்காணிக்கும் நீட்சி) இருந்தால் சேமித்த மாட்சீக்கைக் கொடுத்து, இடைப்பட்ட நேரத்தில் கொடி மாறியவற்றையும் அதே சுற்றில் பெற்றுவிடலாம். நீக்கப்பட்டவற்றை காண்ட்ஸ்டோர் சொல்லாது. அதையும் சொல்லும் க்யூரீசிங்க் நீட்சி இல்லாத சர்வரில், உள்ள யூஐடிகளின் முழுப் பட்டியலை சர்ச்சால் வாங்கி டேபிளோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்; இதை ஒவ்வொரு சுற்றிலும் செய்யாமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.